பதின்மூன்று வயது, வயலின், அடுத்து என்ன?

வயலின்_அப்பா

வணக்கம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆறு வயதில் கால் அளவு வயலினில் ஆரம்பித்தாள், முழு அளவுக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. மேற்கத்தியச் செவ்வியல்தான். குரோய்ட்ஸர் எடியூட்களில் (பயிற்சிப் பாடங்கள்) பாதிக்கு மேல் வந்துவிட்டாள். இப்போது கையில் இருப்பது புரூக்கின் ஜி மைனர் கன்சர்ட்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ரா துணையோடு தனி வயலின் வாசிக்கிற படைப்பு.

போன வாரம் ஆசிரியர் என்னை உட்கார வைத்து இரண்டு விஷயம் சொன்னார். இந்த ஆண்டு மூன்று போட்டிகளுக்குப் போக வேண்டும். தினமும் நான்கு மணி நேரம் வாசிக்க வேண்டும். "அப்புறம்தான் தெரியும் இவள் எந்தப் பக்கம் போவாள் என்று" என்றார். எந்தெந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் இசை தெரிந்தவன் இல்லை. இந்தப் பாதையில் வருகிறவர்கள் இருபத்தைந்து வயதில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? போட்டியில் ஜெயிக்காதவர்கள் எல்லாம் எங்கே போகிறார்கள்? வாசிக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். இனிப்பு தடவ வேண்டாம்.

பின்வரிசை

சார், பதினாறு வருடமாக ஓர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வாசிக்கிறேன். ஐந்தாவது ஸ்டாண்ட் (இரண்டு பேருக்கு ஒரு தாள்), உள்பக்கம். உள்பக்கம் என்றால் பக்கம் திருப்புகிற ஆள் என்று அர்த்தம். நீங்கள் கேட்ட "எங்கே போகிறார்கள்" என்பதற்கு நானே ஒரு பதில்.

உங்கள் மகள் அடுத்த பத்து வருடம் கற்கப்போவது பெரும்பாலும் தனியாக நிற்கிறவருக்கான சரக்கு. புரூக் முடிந்தால் மென்டல்ஸான், பிறகு சிபேலியஸ், பாகின் தனி வயலின் சொனாட்டாக்கள், பகனினியின் 24 கப்ரீஸ். எல்லாமே மேடை நடுவில் நிற்கிறவருக்காக எழுதியவை. படித்து முடித்த பிறகு கிடைக்கிற வேலையோ இன்னும் பதின்மூன்று பேரோடு சேர்ந்து ஒரே வரியை, ஒரே வில் திசையில், வில்லின் ஒரே இடத்தில் வாசிப்பது. பெரிய ஆர்கெஸ்ட்ராவின் தந்திப் பிரிவைப் பாருங்கள். முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, பேஸ் 8. மொத்தம் அறுபது பேர். அந்த அறுபது பேரும் சின்ன வயதில் ஏதாவது ஒரு கன்சர்ட்டோவைக் கண்ணாடி முன்னால் நின்று வாசித்துக் கனவு கண்டவர்கள்தான்.

என் முதல் ஆடிஷனை, அதாவது ஆர்கெஸ்ட்ரா வேலைக்கான வாசிப்புத் தேர்வைச் சொல்கிறேன். நான் படித்த இடத்தில் நல்ல பெயர், இரண்டு சின்னப் போட்டிகளில் பரிசு. திரைக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். நடந்துவரும் சத்தம் கேட்டு ஆணா பெண்ணா என்று ஊகிக்கக் கூடாது என்பதற்காகத் தரையில் கம்பளம். முதலில் மொஸார்ட் கன்சர்ட்டோவின் முதல் பக்கம். அடுத்து மொஸார்ட் 39ஆம் சிம்பனியின் கடைசிப் பாகத்தில் ஒரு துண்டு. பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் டான் ஹுவான் முதல் பக்கம். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கும். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் "நன்றி" என்றது. அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம்.

ஐந்து ஆடிஷன் இப்படியே போனது. ஆறாவதுக்கு முன்னால் ஒரு நண்பன் சொன்னான் என்று மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) ஓடவிட்டு என்னை நானே பதிவு செய்து கேட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் (இடது கை தந்தியில் இடம் மாறுவது) முன்னால் அவசரப்படுகிறேன். கை மேலே போய்ச் சேருமோ சேராதோ என்ற பயத்தில் அரை நொடி முன்னாலேயே கிளம்புகிறது. பன்னிரண்டு வருடப் படிப்பில் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லையா? கண்டுபிடிக்க வழியில்லை. எப்போதும் எனக்குப் பியானோ துணை இருந்தது. பியானோ வாசிக்கிறவர் நல்லவர், நான் எங்கே ஓடினாலும் துரத்தி வந்து பிடித்துக்கொண்டார். கன்சர்ட்டோ வாசிக்கிற பிள்ளைக்குத் தாளத்தில் என்ன தப்பு என்பது கடைசி வரை தெரியாமலே போக முடியும். திரைக்குப் பின்னால் துணை இல்லாமல் எக்ஸர்ப்ட் (ஆர்கெஸ்ட்ரா படைப்பின் ஒரு துண்டு) வாசிக்கும்போது ஐந்தாவது நொடியில் தெரிந்துவிடும்.

ஆகவே போட்டி மூன்றா ஒன்றா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. அவள் வேறு யாரோடாவது சேர்ந்து வாசிக்கிறாளா? தான் வாசித்ததைத் தானே கேட்டுத் தப்பு கண்டுபிடிக்கத் தெரியுமா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

நேர்கோடு

பின்வரிசை சொல்வது தோற்றவர் பக்கத்து நியாயம், மன்னிக்கவும். செவ்வியல் வயலினில் பதின்மூன்று வயதில் புரூக் என்பதே தாமதம். வயலின் கலைஞர் மிதோரி 1982இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு வாசித்தபோது அவருக்குப் பதினொரு வயது. சாரா சாங் எட்டு வயதில் அதே ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார். நான்கு மணி நேரம் போதாது, ஐந்தாவது வேண்டும். குழந்தையை முதலிலேயே பின்வரிசைக்குத் தயார் செய்தால் பின்வரிசைக்குத்தான் போகும்.

பின்வரிசை

தோற்றவர் பக்கத்து நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில்தான் கூட்டம் அதிகம், அதனால் சொல்லி வைக்கிறேன்.

மிதோரி என்றதும் ஞாபகம் வருகிறது. 1986இல் அமெரிக்காவின் டாங்கில்வுட் இசை விழாவில் பெர்ன்ஸ்டீன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, அவரே எழுதிய செரினேட் என்ற படைப்பை மிதோரி வாசித்தார். வயது பதினான்கு. நடுவில் ஈ தந்தி அறுந்தது. கன்சர்ட்மாஸ்டரின் (முதல் வயலின் பிரிவின் தலைவர்) வயலினை வாங்கி வாசித்தார், அதிலும் ஈ தந்தி அறுந்தது. அடுத்தவருடைய வயலினை வாங்கி முடித்தார். எல்லோரும் அந்தச் சிறுமியின் நிதானத்தைப் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான். நான் அதைப் பார்க்கும்போது கவனிப்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை. தன் வயலினை ஒரு கணம்கூட யோசிக்காமல் நீட்டுகிறார்கள். அப்படி நீட்டத் தெரிந்த ஆட்களோடுதான் நான் வேலை செய்கிறேன்.

செல்லோக்காரி

அண்ணா, உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் போட்டியை இப்படித் தள்ளிவிடாதீர்கள். நான் இப்போது முழுநேரம் செல்லோ கற்றுக்கொடுக்கிறேன், வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்புகிறேன். பரிசுக்காக அனுப்புவதில்லை. போட்டிக்கு ஒரு தேதி இருக்கிறது. தேதி இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் ஒரு படைப்பைக் கடைசிச் சுரம் வரை முடிப்பதில்லை. முதல் பக்கம் பிரமாதமாக இருக்கும், கடைசிப் பக்கம் வேறு யாரோ வாசிப்பது போல இருக்கும்.

முடிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது சரி. வார்சாவில் 1935இல் நடந்த முதல் வியேனியாவ்ஸ்கி போட்டியில் முதல் பரிசு பதினைந்து வயது ஜினெத் நெவ்வுக்கு. இரண்டாவதாக வந்தவர் டேவிட் ஓய்ஸ்ட்ராக், வயது இருபத்தாறு. ஒரு பள்ளிப் பெண்ணிடம் தோற்றார் என்று யாராவது எழுதியிருப்பார்கள். 1937இல் பிரஸ்ஸல்ஸ் போய் இசாயி போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அப்புறம் அவர் ஓய்ஸ்ட்ராக் ஆனது உலகத்துக்கே தெரியும். அந்த வார்சா மேடையில் இருந்த மற்றவர்களில் யார் பெயர் நமக்கு ஞாபகம் இருக்கிறது என்று நேர்கோடு கேட்கலாம். நியாயமான கேள்வி.

என் கவலை அந்த நான்கு மணி நேரம். சார், முழு அளவு வயலினுக்கு மாறி மூன்று மாதம்தான் ஆகிறது என்றீர்கள். விரல்களுக்கு இடையே தூரம் கூடியிருக்கிறது, வில் நீளம், எடை எல்லாம் கூடியிருக்கிறது. அவள் உடம்பும் இந்த வயதில் வேகமாக வளரும். இந்த நேரத்திலா வாசிக்கும் நேரத்தையும் ஏற்றுவது? நான் பத்தொன்பது வயதில் ஒரு பெரிய ஆடிஷனுக்காக இரண்டு வாரத்தில் மூன்று மணி நேரத்தை ஆறு மணி நேரம் ஆக்கினேன். இடது முன்கையில் வலி வந்தது. ஆசிரியரிடம் சொன்னேன். "எல்லோருக்கும் வலிக்கும், வாசி" என்றார். வாசித்தேன். எட்டு மாதம் செல்லோவைத் தொட முடியவில்லை. திரும்பி வந்தபோது என் வகுப்பில் இருந்தவர்கள் வேறெங்கோ போயிருந்தார்கள்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் எடுத்து 1988இல் வெளியான கணக்கெடுப்பில் 76 சதவீதம் பேர் வாசிப்பையே பாதிக்கிற அளவு உடல் உபாதை குறைந்தது ஒன்றாவது உண்டு என்றார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழில்முறை ஆட்கள்.

பத்தாயிரம் மணி நேரம் என்று எல்லோரும் சொல்கிற ஆய்வு பெர்லினில் வயலின் மாணவர்களிடம் செய்தது, ஆண்டர்ஸ் எரிக்ஸன் குழு 1993இல் வெளியிட்டது. அதில் யாரும் மேற்கோள் காட்டாத பகுதி ஒன்று இருக்கிறது. மிக நன்றாக வாசித்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், மதியத்திலும் தூங்கினார்கள். ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் உட்காரவில்லை, ஒன்றரை மணிக்கு மேல் போகாத தவணைகளாகப் பிரித்து வாசித்தார்கள்.

எனவே: ஒரு தவணை நாற்பது நிமிடம், நடுவில் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். நேரத்தைக் கூட்டுவதாக இருந்தால் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. வலி என்று சொன்னால் அன்றைக்கு நிறுத்துங்கள், யார் என்ன சொன்னாலும்.

நேர்கோடு

தூங்கினால் பகனினி வந்துவிடுமா அக்கா?

செல்லோக்காரி

தூங்காமல் வந்த பகனினியை நிறையக் கேட்டிருக்கிறேன் தம்பி.

சின்ன வயதிலேயே உலகத்தை வாய்பிளக்க வைத்த யெஹுதி மெனுஹினைப் பாருங்கள். குழந்தையாக இருந்தபோது யோசிக்காமல் செய்த காரியங்கள் பெரியவரான பிறகு கைக்கு வராமல் போய், தன் உடம்பு எப்படி வாசிக்கிறது என்பதை ஆரம்பத்திலிருந்து யோசிக்க வேண்டி வந்தது. 1952இல் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகா கற்றுக்கொண்டது அந்தத் தேடலில்தான். 1963இல் பிள்ளைகளுக்கென்று பள்ளி ஆரம்பித்தவரும் அவர்தான்.

ஸ்கேல்_பையன்

நான் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) இரண்டாம் ஆண்டு, வயலின். மேலே பேசுகிற எல்லோரைவிடவும் சின்னவன், ஆனால் சேர்க்கை விஷயம் எனக்குத்தான் சூடாக நினைவிருக்கிறது.

சார், உங்கள் மகளுக்கு இன்னும் நான்கைந்து வருடம் இருக்கிறது. அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியது: பள்ளியின் பெயரைவிட ஆசிரியர் யார் என்பது முக்கியம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நான்கு வருடம் ஒரே ஆளின் முன்னால் நிற்கப்போகிறோம். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே அந்த ஆசிரியரிடம் ஒரு சோதனைப் பாடம் கேட்டு வாங்குவது வழக்கம். நான் மூன்று பேரிடம் போனேன். ஒருவர் நாற்பது நிமிடமும் என் வலது கட்டைவிரலைப் பற்றியே பேசினார். ஒருவர் தன்னைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர் நான் வாசித்து முடித்ததும், "எந்த இடம் உனக்குப் பிடிக்கவில்லை?" என்று கேட்டார். நான் ஏதோ உளறினேன். "சரி, அதை எப்படி மாற்றுவாய்? இப்போது எனக்கு எதிரிலேயே பயிற்சி செய்" என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் நான் பயிற்சி செய்வதைப் பார்த்தார். அதுவரை எல்லோரும் நான் வாசிப்பதைத்தான் பார்த்தார்கள். அவரிடம்தான் இப்போது படிக்கிறேன்.

சேர்க்கைக்கு முதலில் வீடியோ கேட்பார்கள். பெரும்பாலும் ஒரு எடியூட் அல்லது கப்ரீஸ், பாக் தனி வயலின் படைப்பிலிருந்து இரண்டு மாறுபட்ட பாகங்கள், ஒரு கன்சர்ட்டோவின் முதல் பாகம். வெட்டி ஒட்டக் கூடாது. இந்த வீடியோ எடுப்பதே ஒரு கல்வி. முப்பது தடவை எடுத்தால் இருபத்தொன்பதில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். பாக்கில் இரட்டைத் தந்தி சுருதி சேராது, அது சேர்ந்த அன்று பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

பணம் பற்றிச் சார் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எல்லா இடமும் கட்டணம் வாங்குவதில்லை. ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி 1924இல் தொடங்கியது, 1928 முதல் சேர்கிற எல்லோருக்கும் படிப்புக் கட்டணம் முழுவதையும் அதுவே ஏற்கிறது. அதனால்தான் அங்கே இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். வயலின் கலைஞர் ஹிலரி ஹான் அங்கே சேர்ந்தபோது பத்து வயது. பட்டத்துக்கு வேண்டியதைப் பதினாறு வயதிலேயே முடித்துவிட்டும் பத்தொன்பது வரை அங்கேயே இருந்து படித்தார். முடித்த பிறகும் இருந்தார் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னொரு பக்கம் செல்லோ கலைஞர் யோ யோ மா. ஜூலியார்டில் படித்தவர், அப்புறம் ஹார்வர்டுக்குப் போய் 1976இல் பட்டம் வாங்கினார். செல்லோ கெட்டுப்போகவில்லை.

அப்புறம் ஒன்று. உங்கள் மகளுக்குக் காதுப் பயிற்சியும் இசைக் கோட்பாடும் யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா? நான் அதை விட்டுவிட்டு வந்தேன். முதலாண்டு முழுக்க அடி வாங்கினேன்.

ரோசின்தூசி

நான் வாசிக்கிறவன் இல்லை, வாத்தியம் பழுது பார்க்கிறவன். இந்த மாதிரி இழைகளில் எல்லோரும் கையைப் பற்றியே பேசுகிறார்கள், கையில் இருக்கும் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தந்தி விரல்பலகையிலிருந்து தேவைக்கு மேல் உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் கூடுதல் அழுத்தம். நாளைக்கு மூன்று மணி நேரம், வருடம் முழுக்க. அப்புறம் "குழந்தைக்கு இடது கை இறுக்கமாக இருக்கிறது" என்று ஆசிரியர் திட்டுவார். பாலத்தை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) கொஞ்சம் செதுக்கினால் பாதி இறுக்கம் போய்விடும். சின்ரெஸ்டும் (தாடையை வைக்கும் தட்டு) அப்படித்தான். கழுத்து நீளமான பிள்ளைக்குத் தட்டையான சின்ரெஸ்ட் கொடுத்துவிட்டு, தோளைத் தூக்காதே என்று வருடக்கணக்கில் கத்துகிறார்கள். புது முழு அளவு வயலினை ஒரு நல்ல ஆளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், வயலினை மட்டும் கொண்டுபோனால் பாதி வேலைதான் நடக்கும்.

அடுத்து, பழைய இத்தாலிய வாத்தியம் இல்லாமல் மேலே போக முடியாது என்று ஒரு நாள் யாராவது உங்களிடம் சொல்வார்கள். பத்து சோலோயிஸ்டுகளுக்கு (தனியாக வாசிக்கிற கலைஞர்கள்) கண்ணை மறைத்து, ஆறு பழைய இத்தாலிய வயலினும் ஆறு புது வயலினும் கொடுத்து, கச்சேரிக்கு எதை எடுப்பாய் என்று பாரிஸில் கேட்டார்கள். ஆறு பேர் புதியதை எடுத்தார்கள். 2014இல் வெளிவந்த முடிவு அது. அன்றைக்கு என் கடையில் எனக்கே நான் கை கொடுத்துக்கொண்டேன். உண்மையிலேயே பழையதுதான் வேண்டும் என்கிற உயரத்துக்கு ஒருவர் போனால், இரவல் தருகிற அறக்கட்டளைகள் இருக்கின்றன. நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷன் ஸ்ட்ராடிவாரிகளையே இரவல் தருகிறது. வீட்டை விற்று வாங்குகிற வேலை வேண்டாம்.

வில்லை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். வயலினுக்குச் செலவழித்துவிட்டு மிச்சத்தில் வில் வாங்குவார்கள். தலைகீழ்.

ஆல்டோ_கிளெஃப்

இவ்வளவு நீள இழையில் வியோலா என்ற சொல் அறுபது பேர் கணக்கில் மட்டும் ஒரு தடவை வந்திருக்கிறது. பழகிப்போன விஷயம்.

சார், மகளுக்கு ஒரு குவார்ட்டெட் பிடித்துக் கொடுங்கள். நான்கு பேர், நடத்துநர் இல்லை, ஒருவர் தப்பினால் எல்லோருக்கும் தெரியும். பின்வரிசை கேட்ட இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கும். முதல் வயலின் தராதீர்கள். இரண்டாம் வயலினோ வியோலாவோ வாசிக்கட்டும். நடுக் குரல் வாசிக்கிறவர்தான் மேலேயும் கீழேயும் காது கொடுத்தாக வேண்டும்.

வயலின் வராதவர்கள் வியோலாவுக்குப் போவார்கள் என்ற பழைய ஜோக் எல்லாம் எனக்கும் தெரியும், உங்களைவிட அதிகம் தெரியும். வில்லியம் பிரிம்ரோஸ் வயலினில் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தவர். அவரை வியோலாவுக்கு மாறச் சொன்னவர் வயலின் மேதை இசாயி. தாமதம் தாமதம் என்று நேர்கோடு பயமுறுத்துவதற்கும் ஒரு பதில்: எடிக்ஸன் ரூயிஸ் பதினொரு வயதில் டபுள் பேஸ் தொடங்கினார், பதினேழு வயதில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குக்குள் போனார். வயலின் கடிகாரத்தை எல்லா வாத்தியத்துக்கும் மாட்டாதீர்கள். பெரிய வாத்தியங்களுக்குக் கை வளரும் வரை காத்திருப்பதே நல்லது என்று சொல்கிற ஆசிரியர்களும் உண்டு.

வயலின்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். மகளிடமும் படிக்கக் கொடுத்தேன், செல்லோக்காரி அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "அப்பா, எனக்கும் சுண்டுவிரல் பக்கம் வலிக்கும், சொன்னால் வாசிக்க வேண்டாம் என்பீர்கள் என்று சொல்லவில்லை" என்றாள். அன்றைக்கே ஆசிரியரோடு பேசினேன். முதலில் கோபப்பட்டார், பிறகு அவரே அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. கன்சர்வேட்டரி முடித்த அடுத்த நாள் என்ன நடக்கிறது? பின்வரிசை சார் ஆறாவது ஆடிஷனோடு நிறுத்திவிட்டார்.

பின்வரிசை

பதினொன்றாவதில் கிடைத்தது. நடுவில் நான்கு வருடம்.

அந்த நான்கு வருடத்தைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் பிள்ளைகளுக்கு வயலின் வகுப்பு. திருமண வரவேற்புகளில் குவார்ட்டெட். யாராவது உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தால் மாற்று ஆளாக ஆர்கெஸ்ட்ராவில். காலையில் போன் வரும், மாலை கச்சேரி, ஒத்திகை ஒன்றுதான். அப்படிப் போகிற இடத்தில் உன்னுடைய சிபேலியஸைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். நேரத்துக்கு வந்தாயா, பென்சில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறவரைவிடச் சத்தமாக வாசிக்கிறாயா, இவ்வளவுதான். இதில் மூன்றாவதுக்கு "ஆமாம்" என்பது தப்பான பதில். நன்றாக நடந்துகொண்டால் மறுபடி கூப்பிடுவார்கள்.

இந்த இடைவெளிக்கென்றே சில இடங்கள் உண்டு. இளைஞர் ஆர்கெஸ்ட்ராக்கள்: ஐரோப்பிய ஒன்றிய இளைஞர் ஆர்கெஸ்ட்ரா 1976இல் தொடங்கியது, நடத்துநர் அபாடோ தொடங்கிய குஸ்டாவ் மாலர் இளைஞர் ஆர்கெஸ்ட்ரா 1986இல். இவற்றுக்கு வயது வரம்பு இருக்கிறது, இருபதுகளின் நடுவில் கதவு சாத்திவிடும், அதனால் தள்ளிப்போடக் கூடாது. அடுத்தது ஆர்கெஸ்ட்ராக்களே நடத்துகிற அகாடமிகள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் கராயன் அகாடமி 1972இல் ஏற்படுத்தியது. உதவித்தொகையோடு உள்ளே உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள், ஒரு மூத்தவரிடம் பாடம், கச்சேரிகளில் இடம். மயாமியில் 1987இல் ஆரம்பித்த நியூ வேர்ல்ட் சிம்பனி முழுக்க முழுக்கப் படிப்பு முடித்த இளைஞர்களுக்கான ஆர்கெஸ்ட்ரா. எனக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், எங்களைப் போலத் தடுமாறாமல் வந்து உட்கார்கிறார்கள்.

சரி, வேலை கிடைத்தால் முடிந்ததா என்றால், அதற்கப்புறம் சோதனைக் காலம். பல இடங்களில் ஒரு வருடம், சில இடங்களில் இரண்டு. அது முடிந்த பிறகு கூட வாசிக்கிறவர்கள் கருத்தும் கேட்டு, இருக்கலாமா போகலாமா என்று முடிவு. எனக்கு முதல் மூன்று மாதம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாகத்தான் வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். என் ஸ்டாண்டில் பக்கத்தில் இருந்தவர் முப்பது வருடம் அங்கே வாசித்தவர், அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் பிராம்ஸ் ஒத்திகையில் இடைவேளைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், எங்கள் தாளில் ஓர் இடத்துக்கு மேலே பென்சிலால் ஒரு சின்ன மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது.

ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், கண்ணாடி வரைந்தால் "இங்கே தலையைத் தூக்கிப் பார்" என்று அர்த்தம். எனக்கும் தெரியும். ஆனால் பக்கம் முழுக்கப் பார்த்தேன், இந்தப் பக்கம் ஒன்று, அடுத்த பக்கம் இரண்டு. மொத்தம் பதினொன்று. நான் எங்கெல்லாம் பிரிவின் தலைவரைப் பார்க்காமல் என் பாட்டுக்கு ஷிப்டுக்கு ஓடினேனோ அங்கெல்லாம். அதே பழைய வியாதி, பியானோக்காரர் துரத்திப் பிடித்த அதே அரை நொடி.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத் தாளில் நான்கு. வருடக் கடைசியில் சில வாரம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று அவருடைய பென்சிலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேர்கோடு

இதைப் படித்த பிறகும் சோலோயிஸ்ட் ஆக முயற்சிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் கதை நன்றாக இருக்கிறது.

ஸ்கேல்_பையன்

பின்வரிசை சார், பத்து நாளில் எனக்கு அகாடமி ஆடிஷன். டான் ஹுவான் முதல் பக்கம் இருக்கிறது. ஏதாவது?

பின்வரிசை

வேகத்தைக் குறைத்து மெட்ரோனோமை இரண்டாவது நான்காவது தட்டில் மட்டும் வைத்து வாசி தம்பி. முதல் தட்டு உன் பொறுப்பு. ஆரம்பத்தில் இருக்கிற மௌனத்தை எண்ணு. எல்லோரும் அதைத்தான் விழுங்குகிறார்கள்.

வயலின்_அப்பா

ஆறு வாரம் கழித்து வருகிறேன். ஒரே ஒரு போட்டி, அதுவும் வருடக் கடைசியில் என்று ஆசிரியர் ஒத்துக்கொண்டார். பாலத்தைச் செதுக்கி, சின்ரெஸ்ட் மாற்றியாகிவிட்டது. வலி இப்போது இல்லை. தவணை நாற்பது நிமிடம், பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து போகிறாள், சில சமயம் திரும்பி வரத்தான் மறந்துபோகிறது.

ஒரு குவார்ட்டெட்டில் இரண்டாம் வயலின். ஹைடன் வாசிக்கிறார்கள். முதல் நாள் வந்து, "என் வரியை மட்டும் வாசித்தால் பாட்டாகவே இல்லை அப்பா" என்று குறைப்பட்டாள். நேற்று அவள் தாளைப் பார்த்தேன், மூன்று இடத்தில் மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது. யார் வரைந்தது என்று கேட்டேன். செல்லோ வாசிக்கிற பையனாம். இவள் அவன் தாளில் ஐந்து வரைந்து வைத்திருக்கிறாளாம். அழுத்தி அழுத்தி எழுதுகிறார்கள், தாளே ஓட்டையாகிவிடும் போலிருக்கிறது.

பின்வரிசை

2பி பென்சில் வாங்கிக் கொடுங்கள் சார். லேசாக எழுதினாலே தெரியும், அழித்தாலும் தாள் கிழியாது. இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் ஸ்டாண்டுக்குக் கீழே உருண்டு போய்விடும்.